சி மொழியில் கோப்புச் செயற்கூறுகளுக்கு உறை எழுதுதல்: விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் ஒரே நிரல் – முழுமையான வழிகாட்டி

"கொக்கிரகுளம்" என்ற பெயரில் ஒரு கோப்பை உருவாக்கச் சி மொழியில் எஃப்ஓப்பன் என்ற ஒரே அழைப்பு போதும். லினக்ஸில் அது சொன்னபடி நடக்கும். அதே வரியை விண்டோஸில் கம்பைல் செய்து ஓட்டினாலும் பிழை எதுவும் வராது. கோப்பு உருவாகும், எழுதியதை அதே நிரலால் திரும்பப் படிக்கவும் முடியும். ஆனால் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து பார்த்தால் கொக்கிரகுளத்தைக் காணோம். அந்த இடத்தில் பொருளில்லாத ஐரோப்பிய எழுத்துகளின் நீண்ட வரிசை ஒன்று நிற்கும்.

காரணம் எளிது. யுனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் அந்தப் பெயர் 36 பைட். விண்டோஸின் பழைய செயற்கூறுகள் அந்த 36 பைட்டையும் கணினியின் ஆன்சி குறிமுறைப் பக்கத்தை, அதாவது எந்தப் பைட் எந்த எழுத்து என்று சொல்லும் பழைய அட்டவணையை, கொண்டு படிக்கின்றன. நம் ஊர்க் கணினிகளில் அது பெரும்பாலும் 1252, அதாவது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பக்கம். தமிழுக்கென்று விண்டோஸில் ஆன்சி பக்கமே கிடையாது. தமிழ் அங்கே யுனிகோடில் மட்டும்தான் உண்டு. எனவே ஒவ்வொரு பைட்டும் தனித்தனி எழுத்தாக மாறிவிடுகிறது. திரும்பப் படிக்கும்போதும் அதே தவறு அதே வரிசையில் நடப்பதால் நிரல் தன்னளவில் ஒழுங்காக ஓடுவதுபோல் தெரியும். கோப்பை வேறொருவருக்கு அனுப்பும் நாளில்தான் குட்டு உடையும்.

இதனால்தான் கோப்பு முறைமையைத் தொடும் செயற்கூறுகளுக்கு உறை எழுதச் சொல்கிறேன். கல்லூரியில் ரேப்பர் என்று சொல்லிக்கொடுப்பதும் இதுதான். நம் நிரல் முழுவதும் நாம் எழுதிய செயற்கூறுகளை மட்டும் அழைக்க வேண்டும். அவற்றுக்குள்ளே மட்டும் இயங்குதளத்துக்கு ஏற்ற அழைப்பு இருக்க வேண்டும். மதகு ஒன்றாக இருந்தால்தான் வாய்க்காலுக்குப் போகும் தண்ணீருக்குக் கணக்கு இருக்கும். கரையில் ஆங்காங்கே உடைப்பு இருந்தால் எந்தக் கணக்கும் நிற்காது.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டு. தாமிரபரணிப் பாசனத்துக்கான அணைகளின் தினசரி நீர்மட்டத்தையும் மழையளவையும் சேமிக்கும் சிறிய நிரல் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று முழுக் கொள்ளளவு மட்டம் வேறுபடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்புறை. மழைமானி உள்ள ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு: அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, ராதாபுரம். அலுவலகத்தில் விண்டோஸ், கல்லூரி ஆய்வகத்தில் உபுண்டு, வீட்டில் யாரோ ஒருவரிடம் மேக். மூன்றிலும் அதே கோப்புறை திறக்க வேண்டும்.

படி 1: முதலில் ஒப்பந்தம், பிறகு நிரல்

பலர் செயற்கூறுகளின் பெயர்களை மட்டும் மாற்றிவிட்டு உறை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பெயர் மாறினால் போதாது. நடத்தை ஒன்றாக வேண்டும். எழுதத் தொடங்குவதற்கு முன் ஒரு தாளில் நான்கு தீர்மானங்களை எழுதுங்கள்.

பாதைகள் எல்லாம் நிரலுக்குள் எப்போதும் யுடிஎஃப்-8. பிரிப்புக் குறி எப்போதும் / மட்டும். அளவும் இடமும் எப்போதும் 64 பிட் முழு எண். பிழைகள் எப்போதும் நம் சொந்தப் பட்டியலிலிருந்து. இந்த நான்கையும் எந்த இயங்குதளத்திலும் மீறக்கூடாது.

அடுத்து, எவற்றுக்கு உறை வேண்டும் என்று பிரியுங்கள். பாதையை வாங்கும் எல்லாவற்றுக்கும் வேண்டும்: திறத்தல், நீக்கல், பெயர் மாற்றல், கோப்புறை உருவாக்கல், விவரம் கேட்டல், கோப்புறையைப் பட்டியலிடல். கோப்பின் அளவையும் இடத்தையும் கையாளுபவற்றுக்கும் வேண்டும். ஆனால் எஃப்ரீட், எஃப்ரைட் இரண்டும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடப்பவை. அவற்றுக்கும் உறை எழுதினால் வேலைதான் மிஞ்சும், பயன் இல்லை. தேவையான அளவோடு நிறுத்துவதும் திறமைதான்.

படி 2: தலைப்புக் கோப்பு

நம் தலைப்புக் கோப்பில் இயங்குதளத்தின் தலைப்புக் கோப்பு எதையும் சேர்க்காதீர்கள். குறிப்பாக, விண்டோஸின் பெரிய தலைப்புக் கோப்பு உங்கள் நிரல் முழுவதும் பரவினால் அதன் மேக்ரோக்களும் பரவும். டெலிட்ஃபைல், கிரியேட்டைரக்டரி போன்ற பெயர்கள் அங்கே மேக்ரோக்கள். நீங்கள் அதே பெயரில் ஒரு செயற்கூறு வைத்திருந்தால் கம்பைலர் சத்தமில்லாமல் அதன் பெயரை மாற்றிவிடும். லிங்க் செய்யும்போது வரும் பிழைக்குக் காரணம் தேடி ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

ஆகவே எல்லாப் பெயர்களுக்கும் ஒரு முன்னொட்டு வையுங்கள். இங்கே "நெல்_" என்று வைக்கிறேன்: நெல்_திற, நெல்_நீக்கு, நெல்_பெயர்மாற்று, நெல்_விவரம், நெல்_கோப்புறை_உருவாக்கு, நெல்_பத்திரமாக_எழுது. ஜிசிசி கம்பைலரின் 10ஆம் பதிப்பு முதல் இப்படித் தமிழ் எழுத்திலேயே பெயரிட்டாலும் கம்பைல் ஆகும். குழுவில் எல்லோருக்கும் தமிழ்த் தட்டச்சு வராது என்றால் அதே பெயர்களை ரோமன் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்புறைப் பட்டியலுக்கான ஸ்ட்ரக்டைத் தலைப்புக் கோப்பில் பெயர் மட்டும் சொல்லி, அதன் உள்ளடக்கத்தை மூலக் கோப்பில் மறைத்து வையுங்கள். வெளியே இருப்பவருக்குச் சுட்டு (பாயின்டர்) மட்டும் தெரிந்தால் போதும்.

படி 3: ஒரு தலைப்பு, இரண்டு மூலக் கோப்புகள்

ஒவ்வொரு செயற்கூறுக்குள்ளும் "விண்டோஸ் என்றால் இது, இல்லையென்றால் அது" என்று நிபந்தனைக் கம்பைல் வரிகளை நிரப்பும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பத்துச் செயற்கூறு வரை அது தாங்கும். அதற்குமேல் படிக்க முடியாது. ஒரு பக்கத்தைத் திருத்தும்போது மறுபக்கம் கெடும். இரண்டு தனி மூலக் கோப்புகளாக எழுதுங்கள்: ஒன்று விண்டோஸுக்கு, மற்றொன்று போசிக்ஸ் (யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரம்) முறைமைகளுக்கு. லினக்ஸும் மேக்கும் இரண்டாவதைப் பகிர்ந்துகொள்ளும். எதைக் கம்பைல் செய்வது என்பதைச் சிமேக் என்ற கட்டமைப்புக் கருவி தீர்மானிக்கட்டும். எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் மூலநிரலில் யுனிக்ஸுக்கு ஒரு கோப்பு, விண்டோஸுக்கு ஒரு கோப்பு என்று இதே பிரிவினை இருக்கிறது. நேரம் கிடைக்கும்போது அந்த இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஒரு பருவப் பாடத்துக்கு இணையான பயிற்சி அது.

படி 4: பாதை மாற்றம்

விண்டோஸ் பகுதியின் உயிர்நாடி இது. அங்கே ஒவ்வொரு செயற்கூறும் இரண்டு வடிவில் வருகிறது: ஏ என்று முடிவது ஆன்சிக்கு, டபிள்யூ என்று முடிவது யுனிகோடை இரண்டு பைட் அலகுகளில் எழுதும் யுடிஎஃப்-16க்கு. நாம் டபிள்யூ வடிவங்களை மட்டுமே அழைக்க வேண்டும். அதற்கு முன் நம் யுடிஎஃப்-8 பாதையை யுடிஎஃப்-16 ஆக்க வேண்டும்.

மல்டிபைட்டுவைட்சார் என்ற செயற்கூறை இருமுறை அழையுங்கள். முதல் முறை வெளியீட்டு அளவாகப் பூஜ்ஜியம் கொடுத்தால் எத்தனை இடம் வேண்டும் என்று சொல்லும். அந்த அளவுக்கு நினைவகம் ஒதுக்கி இரண்டாவது முறை அழைத்தால் மாற்றித் தரும். உள்ளீட்டு நீளமாக –1 கொடுத்தால் சரத்தை முடிக்கும் பூஜ்ஜியத்தையும் சேர்த்தே எண்ணும்; தனியாக ஒன்று கூட்ட வேண்டாம். செல்லாத எழுத்து வந்தால் பிழை காட்டும் கொடியைக் கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் பழுதான பைட்டுகளுக்குப் பதில் ஒரு மாற்றுக் குறியைப் போட்டுவிட்டு வேலை முடிந்ததாகச் சொல்லும். அப்புறம் வேறு வேறு பெயர்கள் இரண்டு ஒரே கோப்பில் போய் விழுந்து ஒன்றையொன்று அழிக்கும்.

அடுத்தது நீளம். விண்டோஸில் பாதையின் பழைய எல்லை, முடிவுப் பூஜ்ஜியத்தையும் சேர்த்து 260 எழுத்து அலகுகள். கோப்புறை உருவாக்கும்போது எல்லை 248 தான். ஆண்டு, மாதம், அணை, வாய்க்கால் என்று கோப்புறைக்குள் கோப்புறையாக வைத்து, எல்லாவற்றுக்கும் தமிழில் முழுப் பெயரும் கொடுத்தால் இந்த எல்லை விரைவிலேயே வந்துவிடும். \\?\ என்ற முன்னொட்டைச் சேர்த்தால் ஏறக்குறைய 32,767 அலகு வரை போகலாம். ஆனால் அந்த முன்னொட்டு வந்தவுடன் விண்டோஸ் பாதையைத் திருத்திக் கொடுப்பதை நிறுத்திவிடும். பாதை முழுமையானதாக இருக்க வேண்டும், / எல்லாம் \ ஆக வேண்டும், ஒற்றைப் புள்ளியும் இரட்டைப் புள்ளியும் இருக்கக்கூடாது. எனவே முதலில் கெட்ஃபுல்பாத்நேம்-டபிள்யூ வழியாக முழுப் பாதையை வாங்கி, அதன் பிறகே முன்னொட்டைச் சேருங்கள். வலையமைப்புப் பகிர்வுப் பாதைகளுக்கு முன்னொட்டின் வடிவம் வேறு. அதற்குத் தனிக் கிளை எழுதுங்கள்.

விண்டோஸ் 10 இன் 1903 பதிப்பு முதல் நிரலின் மேனிஃபெஸ்டில் (நிரலோடு சேரும் அறிவிப்புக் கோப்பில்) குறிமுறைப் பக்கத்தை யுடிஎஃப்-8 என்று அறிவிக்கலாம். அப்போது பழைய எஃப்ஓப்பனும் தமிழைப் புரிந்துகொள்ளும். முழு நிரலும் உங்கள் கையில் இருந்தால் இது நல்ல துணை. ஆனால் நீங்கள் எழுதுவது பிறர் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும் நூலகம் என்றால், அவர்கள் மேனிஃபெஸ்டை நம்பி இருக்க முடியாது. டபிள்யூ வழிதான் எங்கும் நிற்கும்.

கட்டளை வரியில் வரும் பாதைகளையும் மறக்காதீர்கள். விண்டோஸில் மெயின் செயற்கூறுக்கு வரும் சரங்கள் ஆன்சியில் வருகின்றன. "நாங்குநேரி" என்று தட்டினால் நிரலுக்கு வருவது வெறும் கேள்விக்குறிகள். அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து ஊர்ப் பெயரை மீட்க வழியே இல்லை. டபிள்யூமெயினைப் பயன்படுத்தி, வந்த சரங்களை வாசலிலேயே யுடிஎஃப்-8 ஆக்கிவிடுங்கள்.

படி 5: திறத்தல்

போசிக்ஸ் பக்கம் நெல்_திற என்பது எஃப்ஓப்பனை அழைக்கும் ஒரு வரி. விண்டோஸ் பக்கம் பாதையையும் பயன்முறைச் சரத்தையும் மாற்றி டபிள்யூஎஃப்ஓப்பனுக்குக் கொடுக்க வேண்டும்.

பயன்முறையை எப்போதும் பைனரி ஆக்குங்கள். பயனர் கேட்காவிட்டாலும் உறையே பி எழுத்தைச் சேர்க்கட்டும். விண்டோஸின் உரைப் பயன்முறை எழுதும்போது வரி முடிவை இரண்டு பைட்டாக்கும், படிக்கும்போது 26 என்ற பைட்டைக் கோப்பின் முடிவாக எடுத்துக்கொள்ளும். படமோ சுருக்கிய தரவோ இருந்தால் பாதியிலேயே படிப்பு நின்றுவிடும். பைனரியாகத் திறப்பதால், நோட்பேடில் எழுதிய கோப்புகளில் வரி இறுதியில் வரும் 13 என்ற பைட்டை நாமே நீக்க வேண்டும். சில கோப்புகளின் தொடக்கத்தில் 239, 187, 191 என்று மூன்று பைட் அடையாளம் இருக்கும். அதையும் தாண்டிப் படியுங்கள்.

புதிய கோப்பை உருவாக்கும்போது "ஏற்கெனவே இருந்தால் தொடாதே" என்று சொல்ல வேண்டிய இடங்கள் உண்டு. இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பிறகு உருவாக்குவது தவறு. இரண்டுக்கும் இடையே வேறொரு நிரல் புகுந்துவிடலாம். சி11 தரம் இதற்காகவே எக்ஸ் என்ற பயன்முறை எழுத்தைச் சேர்த்தது. கேட்பதும் உருவாக்குவதும் ஒரே செயலாக நடக்கும்.

அளவும் இடமும் பற்றி ஒரு பத்தி போதும். 64 பிட் விண்டோஸிலும் லாங் என்பது 32 பிட் தான். எஃப்டெல் அதைத்தான் திருப்பித் தருகிறது. 2 ஜிபி தாண்டினால் கணக்கு குலையும். விண்டோஸில் எஃப்சீக்ஐ64, எஃப்டெல்ஐ64. போசிக்ஸில் எஃப்சீக்ஓ, எஃப்டெல்ஓ. 32 பிட் லினக்ஸுக்கும் கம்பைல் செய்வதாக இருந்தால் கோப்பு இட அளவை 64 பிட் என்று அறிவிக்கும் மேக்ரோவையும் கொடுங்கள்.

படி 6: பத்திரமாக எழுதுதல்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். மழையளவுப் பதிவு மிகவும் தேவைப்படும் நேரமும் மின்சாரம் போகும் நேரமும் ஒன்றுதான். கோப்பைப் பாதி எழுதும்போது கணினி அணைந்தால் பழைய தரவும் போய், புதிய தரவும் முழுமையடையாமல் நிற்கும். அதனால் இந்தச் செயற்கூறை நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன்.

முறை இது. அதே கோப்புறையில் ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்குங்கள். வேறு கோப்புறையில் வைத்தால் அது வேறு வட்டாகவும் இருக்கலாம். வட்டு விட்டு வட்டு பெயர் மாற்ற முடியாது. முழுத் தரவையும் அதில் எழுதுங்கள். எஃப்ஃபிளஷ் அழைத்து நிரலின் இடையகத்தைக் காலி செய்யுங்கள். அதன் பிறகு இயங்குதளத்திடம் "வட்டில் எழுதி முடி" என்று சொல்லுங்கள்: லினக்ஸில் எஃப்சிங்க், விண்டோஸில் ஃபிளஷ்ஃபைல்பஃபர்ஸ். மேக்கில் எஃப்சிங்க் தரவை வட்டு வரைதான் அனுப்பும், வட்டின் உள் இடையகத்தைக் காலி செய்யச் சொல்லாது. அங்கே எஃப்கன்ட்ரோல் வழியாக முழு ஒத்திசைவுக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். பிறகு மூடுங்கள். எஃப்குளோஸ் திருப்பித் தரும் மதிப்பையும் பாருங்கள்; வட்டில் இடம் தீர்ந்த செய்தி சில வேளைகளில் அங்கேதான் வரும். இவை எல்லாம் வெற்றி என்றால் மட்டும் தற்காலிகக் கோப்பின் பெயரை உண்மையான பெயராக மாற்றுங்கள்.

அந்தக் கடைசிப் பெயர் மாற்றத்தில்தான் இரண்டு உலகங்களும் பிரிகின்றன. போசிக்ஸில் ரீநேம், அதே பெயரில் பழைய கோப்பு இருந்தால் அதன் இடத்தில் புதியதை ஒரே செயலாக வைக்கும். பார்ப்பவருக்குப் பழையது தெரியும் அல்லது புதியது தெரியும். நடுநிலை என்று ஒன்று இல்லை. விண்டோஸின் சி நூலகத்தில் உள்ள ரீநேம், பழைய கோப்பு இருந்தால் மறுத்துவிடும். உடனே பலர் பழையதை நீக்கிவிட்டுப் பெயர் மாற்றுகிறார்கள். நீக்கிய நொடியில் மின்சாரம் போனால் உண்மையான பெயரில் எந்தக் கோப்பும் இருக்காது. அப்படிச் செய்யாதீர்கள். மூவ்ஃபைல்எக்ஸ்-டபிள்யூ என்ற செயற்கூறுக்கு "இருப்பதை மாற்று" என்ற கொடியையும் "எழுதி முடித்துத் திரும்பு" என்ற கொடியையும் கொடுத்து அழையுங்கள்.

விண்டோஸில் இன்னொரு சிக்கல், வைரஸ் தடுப்பு நிரலோ தேடல் அட்டவணை நிரலோ அந்த நொடியில் கோப்பைத் திறந்து வைத்திருக்கலாம். அனுமதி மறுப்பு அல்லது பகிர்வு மீறல் என்று பிழை வரும். சில மில்லிநொடி இடைவெளி விட்டுச் சிலமுறை மறுபடி முயலுங்கள். இடைவெளியை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்குங்கள். முடிவில்லாமல் முயலக்கூடாது. லினக்ஸில் பெயர் மாற்றத்துக்குப் பிறகு அந்தக் கோப்புறையையே திறந்து அதன்மீதும் எஃப்சிங்க் அழைத்தால்தான் புதிய பெயர் வட்டில் நிலைபெறும்.

நீக்குவதிலும் இதே வேறுபாடு. போசிக்ஸில் ஒருவர் திறந்து வைத்திருக்கும் கோப்பையும் அன்லிங்க் செய்யலாம். பெயர் போகும், திறந்தவர் மூடும்வரை தரவு இருக்கும். விண்டோஸில், நீக்கலைப் பகிர அனுமதித்துத் திறந்திருந்தால் ஒழிய முடியாது. மேலும் சி தரத்தின் ரிமூவ், போசிக்ஸில் காலிக் கோப்புறையையும் நீக்கும், விண்டோஸில் நீக்காது. கோப்புக்கு ஒன்று, கோப்புறைக்கு ஒன்று என இரண்டு செயற்கூறுகளாகப் பிரித்துவிடுங்கள்.

படி 7: கோப்புறையைப் பட்டியலிடுதல்

போசிக்ஸில் ஓப்பன்டிர் திறக்கிறது, ரீட்டிர் ஒவ்வொன்றாகத் தருகிறது, குளோஸ்டிர் மூடுகிறது. விண்டோஸில் ஃபைன்ட்ஃபர்ஸ்ட்ஃபைல்-டபிள்யூ திறக்கும்போதே முதல் பெயரையும் தந்துவிடும். இந்த ஒரு பெயர்தான் உறை எழுதுபவர்களைக் குழப்புவது. நம் ஸ்ட்ரக்டில் அந்த முதல் பெயரைச் சேமித்து, "முதல் பெயர் இன்னும் கொடுக்கப்படவில்லை" என்று ஒரு கொடி வையுங்கள். அடுத்தது என்று கேட்கும்போது கொடி இருந்தால் சேமித்ததைக் கொடுத்துவிட்டுக் கொடியை அணையுங்கள். இல்லாவிட்டால் ஃபைன்ட்நெக்ஸ்ட்ஃபைல்-டபிள்யூவை அழையுங்கள்.

ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளிப் பெயர்களை உறைக்குள்ளேயே கழித்துவிடுங்கள். ரீட்டிர் நல் சுட்டைத் தரும்போது அது முடிவா பிழையா என்று தெரியாது; அழைப்பதற்கு முன் எர்ர்நோ என்ற பிழை எண் மாறியைப் பூஜ்ஜியமாக்கி, பிறகு பாருங்கள். வரிசை எங்கும் உறுதியில்லை. அகர வரிசை வேண்டுமென்றால் நீங்களே அடுக்குங்கள்.

மாற்றிய நேரத்தைக் கேட்கும்போது விண்டோஸ் தருவது 1601 ஜனவரி 1 முதல் 100 நானோநொடி அலகுகளில். ஒரு நொடி என்பது 1 கோடி அலகு. எனவே 1 கோடியால் வகுத்து 11644473600 கழித்தால் 1970 தொடக்கமான யுனிக்ஸ் நொடி கிடைக்கும்.

படி 8: பிழைகள்

போசிக்ஸில் எர்ர்நோ, விண்டோஸில் கெட்லாஸ்ட்எரர். இரண்டும் எண்கள்தான், ஆனால் கலந்தால் ஆபத்து. லினக்ஸில் 17 என்றால் "ஏற்கெனவே இருக்கிறது", விண்டோஸில் அதே 17 "வேறு வட்டு". லினக்ஸில் 18 "வேறு வட்டு", விண்டோஸில் அதே 18 "இனிக் கோப்புகள் இல்லை". எண்ணை அப்படியே மேலே அனுப்பினால் பொருள் தலைகீழாகும்.

நம் பட்டியல் குறுகியதாக இருக்கட்டும்: கிடைக்கவில்லை, அனுமதியில்லை, ஏற்கெனவே உள்ளது, இடமில்லை, பிறர் பயன்பாட்டில் உள்ளது, பெயர் செல்லாது, வேறு வட்டு, பிற. விண்டோஸின் 2, 3 இரண்டும் "கிடைக்கவில்லை", 80, 183 இரண்டும் "ஏற்கெனவே உள்ளது", 32 "பிறர் பயன்பாட்டில்", 112 "இடமில்லை". மூல எண்ணையும் தனியாக ஒரு மாறியில் வைத்திருங்கள், பதிவேட்டில் எழுத உதவும். பிழை எண்ணை அழைப்பு முடிந்த அடுத்த வரியிலேயே எடுத்துவிடுங்கள். இடையில் நினைவகத்தை விடுவித்தாலோ கோப்பை மூடினாலோ எண் மாறிவிடலாம்.

படி 9: பெயர்கள்

மீண்டும் கொக்கிரகுளத்துக்கு வருவோம். "கொ" என்பதில் உள்ள உயிர்க்குறியை யுனிகோடில் இரண்டு வழியில் எழுதலாம். ஒரே குறியாக எழுதினால் 224, 175, 138 என்று மூன்று பைட். ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக எழுதினால் 224, 175, 134, 224, 174, 190 என்று ஆறு பைட். திரையில் இரண்டும் ஒன்றுதான்; யுனிகோட் விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை பைட்டுகளை மட்டுமே பார்க்கும். 36 பைட் கொக்கிரகுளமும் 39 பைட் கொக்கிரகுளமும் ஒரே கோப்புறையில் அருகருகே இருக்கும். விண்டோஸிலும் அப்படியே. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயரைப் பிரித்த வடிவில் சேமிக்கும். இன்றைய ஏபிஎஃப்எஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொண்டு, தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கருதும். பழைய மேக் வட்டிலிருந்து பென்டிரைவில் வந்த கோப்பு உபுண்டுவில் "கிடைக்கவில்லை" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

என் பரிந்துரை: புதிதாக உருவாக்கும் பெயரை, உயிர்க்குறி ஒரே குறியாக இருக்கும் "சேர்ந்த வடிவு"க்கு மாற்றுங்கள். ஏற்கெனவே வட்டில் உள்ள பெயரை, பட்டியல் எந்தப் பைட்டுகளில் தந்ததோ அதே பைட்டுகளில் திறங்கள், திருத்தாதீர்கள். ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் சேர்ந்த வடிவாக்கி ஒப்பிடுங்கள். பெயர்கள் தமிழில் மட்டும் என்றால் இதற்குப் பெரிய நூலகம் தேவையில்லை. ஒகரக் குறி, ஓகாரக் குறி, ஔகாரக் குறி, ஔ என்ற எழுத்து ஆகிய நான்கு சேர்க்கைகளை மட்டும் கையாளும் சிறு செயற்கூறு போதும்.

ஆனால் ஸ்ரீவைகுண்டம் இந்த விதிக்குள் அடங்காது. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு உள்ள ஊர். நம் நிரலில் கட்டாயம் வரும் பெயர். அதன் முதல் எழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் தட்டலாம், 2005 இல் யுனிகோட் 4.1 உடன் வந்த ஶகரத்தில் தொடங்கியும் தட்டலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். யுனிகோட் இவற்றைச் சமம் என்று சொல்லவில்லை; எந்த வடிவ மாற்றமும் இவற்றை ஒன்றாக்காது. இதைக் கோப்பு உறையில் தீர்க்க முயல வேண்டாம். ஊர்ப் பெயர்ப் பட்டியலில் இரண்டையும் ஒரே ஊராக இணைத்துவிடுங்கள்.

லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட். தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட் என்பதால் 85 குறிகள்தான்; உயிர்க்குறியும் மெய்ப்புள்ளியும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். "திருநெல்வேலி" மட்டுமே 12 குறி, 36 பைட். விண்டோஸிலோ 255 என்பது யுடிஎஃப்-16 அலகு. அங்கே உருவான நீண்ட தமிழ்ப் பெயர் லினக்ஸுக்கு வரும்போது இடம் கொள்ளாது. எனவே உறை இரண்டு எல்லைகளில் சிறியதையே விதியாக வைக்கட்டும். பெயரை வெட்ட வேண்டி வந்தால் ஒரு குறியின் பைட்டுகளுக்கு நடுவில் வெட்டாதீர்கள். மெய்யையும் அதன் உயிர்க்குறியையும் பிரித்தும் வெட்டாதீர்கள்.

விண்டோஸ் ஏற்காத குறிகளை லினக்ஸிலும் மறுத்துவிடுங்கள்: < > : " / \ | ? * ஆகியவை. பெயரின் இறுதியில் புள்ளியும் இடைவெளியும் கூடாது. கான், பிஆர்என், ஏயுஎக்ஸ், நல் மற்றும் எண்ணோடு வரும் காம், எல்பிடி ஆகியவை ரோமன் எழுத்தில் ஒதுக்கப்பட்ட பெயர்கள். நேரத்தைக் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியோடு எழுதும் பழக்கம் லினக்ஸ்காரர்களுக்கு உண்டு. அதற்குப் பதில் இடைக்கோடு போடுங்கள்.

படி 10: சோதனை

முதலில் பழைய நிரல் முழுவதும் தேடி, நேரடியாக எஃப்ஓப்பனையோ ரீநேமையோ அழைக்கும் ஒவ்வொரு இடத்தையும் மாற்றுங்கள். இந்தத் தேடலையே கட்டமைப்பின் ஒரு படியாக வைத்தால், பிறகு சேருபவர் மறந்து நேரடியாக அழைத்தாலும் உடனே தெரியும்.

சோதனைக் கோப்புகளுக்கு நம் ஊர்ப் பெயர்களையே வையுங்கள். ரோமன் எழுத்துப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் மேலே சொன்ன பிழைகளில் பெரும்பாலானவை கண்ணில் படாது. கொக்கிரகுளம் இரண்டு வடிவிலும், ஸ்ரீவைகுண்டம் இரண்டு வடிவிலும், இடைவெளியோடு ஒரு பெயர், 85 குறியில் ஒன்று, 86 குறியில் ஒன்று. 86 குறிப் பெயர் மூன்று இயங்குதளத்திலும் "பெயர் செல்லாது" என்ற ஒரே பிழையைத் தர வேண்டும். 260 அலகு தாண்டிய பாதையில் ஒரு கோப்பை உருவாக்கி, படித்து, நீக்குங்கள். 2 ஜிபி தாண்டிய இடத்துக்குச் சென்று ஒரு பைட் எழுதி அளவைக் கேளுங்கள். ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டே அதன்மீது நெல்_பத்திரமாக_எழுது அழைத்துப் பாருங்கள்.

சோதனை முடிந்ததும் நிரலுக்கு வெளியே போய்ப் பாருங்கள். எக்ஸ்ப்ளோரரில், ஃபைண்டரில், உபுண்டுவின் கோப்பு மேலாளரில் அந்தப் பெயர்கள் தமிழாகத் தெரிய வேண்டும். நிரல் தானே எழுதித் தானே படிப்பது சான்றாகாது.

விண்டோஸ் கணினி கையில் இல்லையென்றால் லினக்ஸிலேயே மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64 கொண்டு கம்பைல் செய்து வைனில் ஓட்டிப் பார்க்கலாம், தொடக்கத்துக்கு நல்லது. ஆனால் பூட்டும் பகிர்வும் சம்பந்தப்பட்டவற்றை உண்மையான விண்டோஸில் பார்த்தே தீர வேண்டும். கிட்ஹப் ஆக்ஷன்ஸில் விண்டோஸ், உபுண்டு, மேக் மூன்றும் கிடைக்கின்றன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்றிலும் சோதனை ஓடும்படி அமைத்துவிடுங்கள்.

சொந்தமாக எழுதத் தேவையில்லாத இடமும் உண்டு. உங்கள் நிரல் ஏற்கெனவே ஜிலிப் நூலகத்தைப் பயன்படுத்துகிறது என்றால், கோப்புச் செயற்கூறுகளுக்கான உறை அதிலேயே இருக்கிறது. விண்டோஸிலும் யுடிஎஃப்-8 பாதை வாங்கும். வலையமைப்பு நிரலுக்கு லிப்யுவி இருந்தால் அதிலும் உண்டு. அவற்றை எடுத்துக்கொண்டாலும், பெயர்களின் வடிவ ஒப்பீடு, 85 குறி எல்லை, ஊர்ப் பெயர்ப் பட்டியல் மூன்றையும் அவற்றின் மேல் நீங்கள்தான் எழுத வேண்டும்.